ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம்: எந்தக் கந்தோருக்கு முதலில் போவது, எந்த வேலையை முதலில் தொடங்குவது?

சாரல்மலை:

வணக்கம். பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில், ஏறக்குறைய 1300 மீற்றர் உயரத்தில் 1 ஏக்கர் 2 றூட் காணி. உறுதி பாட்டியின் பெயரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். மேல் பாதியில் பழைய விதைத் தேயிலை. மூன்றில் ஒரு பங்கு செத்துப்போய் அங்கங்கே வெட்டவெளி. கீழ்ப் பாதியில் ஒரு காலத்தில் கோவாவும் போஞ்சியும் போட்டிருக்கிறார்கள், இப்போது இலுக்குப் புல். அடியில் சின்ன ஓடை, வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு. ஒரு மீற்றர் குச்சியை மட்டமாகப் பிடித்து அளந்ததில் மேல் பாதி மீற்றருக்கு 70 செ.மீ. இறங்குகிறது, கீழ்ப் பாதி 35 செ.மீ. மேல் எல்லைக்குப் பக்கத்தில் பாதை போட்டபோது வெட்டிய மண் மேடு இருக்கிறது.

கேட்க வேண்டியவை: மானியம், கன்று, ஆலோசனை எல்லாம் எங்கே கிடைக்கும், எந்த ஒழுங்கில் போக வேண்டும்? மண் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது? தேயிலையில் வெட்டவெளியை மட்டும் நிரப்பினால் போதுமா, பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதா? மிளகு நடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கான் (வடிகால்) வெட்டுவதை எப்போது, எப்படிச் செய்வது? கையில் இருக்கும் காசு குறைவு. தப்பான வேலையில் அது போய்விடக்கூடாது.

பைல்கட்டு:

காணிப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். பத்திரம் சரியில்லாவிட்டால் மற்றக் கந்தோர்கள் எல்லாம் உங்களைத் திருப்பி அனுப்பும்.

முதலில் பதுளை காணிப் பதிவகம். உறுதியில் பதிவுத் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் எழுதியிருக்கும். அதைக் காட்டி அந்தப் பக்கத்தின் பிரதியை விண்ணப்பித்து எடுங்கள். அதில் மூன்று விசயம் பாருங்கள்: கடைசியாக யார் பெயர் பதிவாகியிருக்கிறது, ஈடு ஏதும் மீட்கப்படாமல் கிடக்கிறதா, காணி முழுதா அல்லது பிரிக்கப்படாத பங்கா. பிரிக்கப்படாத பங்கு என்றால் மற்றப் பங்குக்காரர் ஒருவர் ஆட்சேபம் சொன்னாலே மானிய விண்ணப்பம் நின்றுவிடும். பாட்டி காலமாகிவிட்டதால் உரித்துக்காரர் எல்லோரையும் ஒரே நாளில் ஒரு நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போய், யார் பெயருக்கு எழுதுவது என்று முடிவெடுங்கள். இறப்புச் சான்றிதழ், உரித்துக்காரரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ்கள் தேவைப்படும். பெயரின் எழுத்துக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதுதான் மலையகத்தில் வழக்கமாக வரும் இடைஞ்சல். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, மறுபடி ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று பத்திரத்தில் மூன்று பெயர் ஆகிவிடும். அதற்குச் சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

இது உறுதிக் காணிக்கான வழி. வாசிப்பவர்களில் யாருக்காவது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் இருந்தால் வழி வேறு. பின்னுரித்தாளர் யார் என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில்தான் பார்க்க வேண்டும். அந்தக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு எழுதிக் கொடுத்தாலும் அது நிற்காது.

அடுத்தது நில அளவை வரைபடம். பழைய வரைபடம் இருந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல்லை மட்டும் உறுதிப்படுத்தினால் போதும், புதிதாக அளப்பதைவிடச் செலவு குறையும். ஓடைக்கு ஒதுக்கீடு விட்டிருக்கிறதா என்று வரைபடத்தில் கட்டாயம் பாருங்கள். ஒதுக்கீட்டுக்குள் நட்டதை மானியக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பிறகு கிராம உத்தியோகத்தரின் சான்றுடன் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையம். அங்கே விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும், கமக்காரர் அமைப்பிலும் சேர வேண்டும். பசளை மானியம், பயிர்க் காப்புறுதி இரண்டுக்கும் இதுதான் வாசல். தேயிலைக்கு மட்டும் தனிக் கந்தோர், தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபை. உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான தேயிலைப் பரிசோதகர் யார் என்று கேட்டு, அவர் காணியைப் பார்க்கும் வரை ஒரு தேயிலை மரத்தையும் பிடுங்காதீர்கள். மீள்நடுகை மானியம் அனுமதி எடுத்த பிறகு செய்த வேலைக்குத்தான். வேலை நடக்க நடக்கப் பார்த்துத் தவணையாகத் தருவார்கள். பிடுங்கிவிட்டுப் போய்க் கேட்டால் அங்கே என்ன இருந்தது என்பதற்கு அவர்களிடம் சாட்சி இல்லை.

எந்தக் கந்தோரிலும் விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது, பதிலும் தமிழில் வர வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து "உங்கள் விண்ணப்பம் வரவில்லை" என்று சொன்னால் காட்டுவதற்கு வேறு எதுவும் இருக்காது.

மண்வாசம்:

மிளகை விட்டுவிடுங்கள். 800 மீற்றருக்கு மேல் மிளகுக் கொடி படரும், காய் பிடிக்காது. பதுளை டவுன் பக்கம் சரி, உங்கள் 1300 மீற்றருக்குச் சரியில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைச் சந்தித்தால் உங்கள் உயரத்துக்கு அராபிக்கா கோப்பியைப் பற்றிக் கேளுங்கள். நிழலோடு வளரும், கீழ்ப் பாதியின் மேல் விளிம்பில் இரண்டு வரிசை போடலாம்.

மண் பரிசோதனையை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். தேயிலை மண் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. தலைமையகம் தலவாக்கலையில், உங்களுக்குக் கிட்ட பசறையில் ஊவாவுக்கான நிலையம் இருக்கிறது. மரக்கறி மண் விவசாயத் திணைக்களத்துக்கு, பண்டாரவளையிலேயே பிராந்திய ஆராய்ச்சி நிலையம் உண்டு. உங்கள் விவசாயப் போதனாசிரியர் மூலமாகக் கொடுத்தால் அறிக்கையை விளக்கிச் சொல்லவும் ஓர் ஆள் கிடைப்பார். யாரைப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் அறிக்கை கெட்டுப்போகிறது. மேல் பாதி, கீழ்ப் பாதி, ஓடையோரம் என்று மூன்று தனி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் குறுக்கும் மறுக்குமாக நடந்து 10 முதல் 15 இடத்தில் எடுங்கள். மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரிலிருந்து இரண்டு விரல் தடிப்பில் மேலிருந்து கீழ் வரை ஒரு துண்டு எடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் போசணை கூடக் காட்டும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய தகர வாளியில் கலந்தால் நாகத்தின் அளவு பொய்யாக ஏறும். கலந்ததை வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து எதிர் எதிர்க் கால்பங்கு இரண்டைத் தள்ளுங்கள், அரைக் கிலோ மிஞ்சும் வரை. நிழலில் கடதாசி மேல் உலர்த்துங்கள். சாணம் குவித்த இடம், நடைபாதை ஓரம், கான் அடி, மரத்தடி, பசளை மூட்டை வைத்த இடம் இவற்றில் எடுக்கவே கூடாது. பசளையோ டொலமைட்டோ (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) போட்டு இரண்டு மூன்று மாதம் ஆகாத மண்ணையும் கொடுக்காதீர்கள்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பீ.எச். எண், அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை. மரக்கறிக்கு 5.5 முதல் 6.5 வரை. இந்த இரண்டையும் ஒரே காணியில் வைக்கும்போது ஒரு பக்கத்து மருந்து மறுபக்கத்துக்கு நஞ்சாகிவிடும். கீழ்ப் பாதியில் முந்திப் போட்ட சுண்ணாம்பும் கோழி எருவும் அங்கே பீ.எச். எண்ணை ஏற்றியிருக்கலாம், அந்த இடத்தில் தேயிலை நட்டால் மஞ்சளாகி நிற்கும். மறுபுறம், தேயிலை பிடுங்கிய புளிப்பு மண்ணில் டொலமைட் போடாமல் கரட் போட்டால் கிழங்கு இறங்காது.

அறிக்கை ஹெக்டேர்க் கணக்கில் வரும். ஒரு ஹெக்டேர் 395 பேர்ச். ஆகவே ஹெக்டேருக்கு 1000 கிலோ டொலமைட் என்று எழுதியிருந்தால் பேர்ச்சுக்கு இரண்டரைக் கிலோ. மரக்கறிப் பாத்தியில் நடுவதற்கு 4 முதல் 8 கிழமைக்கு முன், ஈரமான மண்ணில் தூவிக் கிளறிவிட வேண்டும். யூரியாவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அமோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

கான்கொத்தன்:

மீற்றருக்கு 70 செ.மீ. இறக்கம் என்றால் அது கடுஞ்சரிவு. அங்கே மரக்கறி என்ற பேச்சே வேண்டாம், தேயிலையோ மரமோதான். எதை நடுவதற்கு முன்னும் கான்.

மட்டம் பார்க்க A எழுத்து வடிவில் ஏ சட்டம் ஒன்று செய்யுங்கள், கொஞ்சம் ஆணியும் மூன்று கம்பும் போதும். 2.1 மீற்றர் நீளக் கம்பு இரண்டு, உச்சியில் கட்டி, கால்கள் சரியாக 2 மீற்றர் விரிய, நடுவில் 1 மீற்றர் குறுக்குச் சட்டம். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு கால் நிற்கும் இடத்திலும் முளை அடித்து, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். சட்டத்தைத் திருப்பி, கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் வைத்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடு எதுவோ அதுதான் மட்டக் கோடு. காற்று அடிக்கும்போது நூல் ஆடும், ஊவாக் காற்றில் இந்த வேலை நடக்காது. காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே போகும் குறுக்குக் கானுக்கு 120க்கு 1 என்ற வாட்டம் கொடுப்பது வழக்கம். 2 மீற்றருக்கு அது 1.7 செ.மீ. ஆகவே மட்டக் கோடு குறித்த பிறகு, ஒரு காலின் அடியில் 1.7 செ.மீ. தடிப்புப் பலகைத் துண்டு ஒன்றை ஆணியடித்துவிடுங்கள். அந்த நீளக் கால் எப்போதும் தாய்க் கான் (குறுக்குக் கான்களின் தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் பெரிய கான்) இருக்கும் பக்கமாகவே போக வேண்டும். நூல் மட்டக் கோட்டில் நின்றால், அந்தக் காலடி 1.7 செ.மீ. தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தைச் சுழற்றிச் சுழற்றி நடந்தால் ஒரு அடி இறங்கி ஒரு அடி ஏறும், கானில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும்.

வேலையின் ஒழுங்கு முக்கியம். தாய்க் கான் முதலில். அது இயல்பாகவே தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வர வேண்டும், மேட்டில் புதிதாகத் தோண்டக்கூடாது. கல்லால் படிபோல அடுக்கி, ஓரத்தில் புல் பிடிக்க விடுங்கள். அது தயாரான பிறகு குறுக்குக் கான், அதுவும் உச்சியிலிருந்து கீழே. கீழேயிருந்து தொடங்கினால் முதல் மழையிலேயே மேலிருந்து வரும் வண்டல் கீழ்க் கானை மூடிவிடும்.

குறுக்குக் கான் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். 3 முதல் 4 மீற்றருக்கு ஒரு தடை மண் விட வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்டித் தடை கட்டாதீர்கள், அது கரைந்துவிடும். வெட்டாமல் விட்ட மண்தான் தடை. அதன் உயரம் கானின் வாயைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், பாதி ஆழத்துக்குக் கொஞ்சம் மேலே. வாய் மட்டத்துக்கு விட்டுவிட்டால் நிரம்பிய தண்ணீர் தடையைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகாமல் கானின் கீழ் விளிம்பை உடைத்துக்கொண்டு சரிவில் பாயும், ஒரே இரவில் புதுப் பள்ளம் ஒன்று அறுந்துவிடும். சரிவு கூடக் கூடக் கான்கள் நெருங்க வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன் வண்டலை அள்ளி, தேயிலை மரத்தின் மேல்பக்க அடியில் போடுங்கள். அது உங்கள் மேல்மண்தான், திரும்பிப் போகட்டும்.

ஊவாக்காற்று:

மேலே சொன்ன தடை வைத்த கான் நல்ல நிலத்துக்குச் சரி. ஆனால் கேட்டவர் எழுதியதில் ஒரு வரியை எல்லோரும் கடந்து போய்விட்டீர்கள். மேல் எல்லையில் பாதை வெட்டிய மண் மேடு இருக்கிறது, கீழே ஓடை. தடை வைத்த கான் தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது. சரியக்கூடிய சரிவில் அது ஆபத்து. மண்ணுக்குள் தண்ணீர் ஏற ஏற நிறை கூடும், பிடிப்புக் குறையும். அந்த இடத்தில் தடை இல்லாத கான் வெட்டி, தண்ணீரை வேகமாகப் பக்கவாட்டில் எடுத்துக் கற்பாவிய தாய்க் கானுக்குள் விட வேண்டும்.

வேலை தொடங்குமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த வலயத்தில் வருகிறது என்று கேளுங்கள். பதுளை மாவட்டக் காரியாலயத்திலும் பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும் விசாரிக்கலாம். வீடோ தண்ணீர்த் தாங்கியோ கட்டுகிற எண்ணம் இருந்தால் இதைக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

காணியை நடந்து பாருங்கள். நிலத்தில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், அடி வளைந்து நுனி நிமிர்ந்த மரங்கள், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, தெளிந்த ஊற்று கலங்கி வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கான் வெட்டுவதை நிறுத்தி, அறிவித்துவிட்டு, மழை நாளில் அங்கே நிற்காதீர்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து அழுத்துங்கள், அதற்குள் மழைத் தண்ணீர் நேராக இறங்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்கள் காணியிலிருந்து தூரமான இடத்தில் இல்லை.

மழை அளக்க, பக்கம் நேராக இருக்கும் தகர டின் ஒன்றும் அடிமட்டமும் போதும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வெட்டவெளியில் வைத்து, காலை ஒரே நேரத்தில் அளந்து கொட்டுங்கள். 24 மணிநேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கான்கொத்தன்:

சரியான திருத்தம். மண் மேட்டுக்குக் கீழ் வரும் முதல் இரண்டு கானுக்கும் தடை வேண்டாம், வாட்டத்தையும் கூட்டுங்கள். மேட்டில் மண்வெட்டி படக்கூடாது, அப்படியே புல் மூடட்டும். தடை வைத்த கான் அதற்குக் கீழே, வெடிப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு.

கொழுந்துக்கணக்கு:

தேயிலைக்கு வருகிறேன். மூன்றில் ஒரு பங்கு செத்த விதைத் தேயிலையில் ஒற்றை ஒற்றை இடைவெளியை நிரப்புவது காசை மண்ணில் போடுவதுதான். பக்கத்துப் பெரிய மரத்தின் வேரும் நிழலும் புதுக் கன்றை எழ விடாது. நாலைந்து மரம் சேர்ந்து செத்த வெட்டவெளியை மட்டும் நிரப்பலாம், அதுவும் கவ்வாத்து (மரத்தின் மேல் கிளைகளை வெட்டிவிடுவது) வெட்டிய உடனே, வெளிச்சம் விழும் காலத்தில். மற்றப்படி கால் ஏக்கர் கால் ஏக்கராகப் பிடுங்கி மீள்நடுகை செய்யுங்கள். முழுச் சரிவையும் ஒரே நேரத்தில் வெறுமையாக்கக்கூடாது, வருமானமும் ஒரேயடியாக நிற்கும்.

ஒரு கால் ஏக்கருக்கு ஒழுங்கு இப்படி. மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரியில் வேரோடு பிடுங்குங்கள். பென்சில் தடிப்புக்கு மேற்பட்ட வேர் எதையும் மண்ணில் விடாதீர்கள், வேர் நோய்ப் பூஞ்சணம் அதில்தான் உயிரோடு கிடந்து புதுக் கன்றுக்கு ஏறும். ஏப்ரல் மழையில் மானாப் புல் அல்லது குவாத்தமாலாப் புல் நடுங்கள். 18 முதல் 24 மாதம் அந்தப் புல் நிற்க வேண்டும். வளர வளர வெட்டி அங்கேயே பரப்புங்கள், மாட்டுக்கு வெட்டிக்கொண்டு போனால் மண்ணுக்கு எதுவும் மிஞ்சாது. மலையகத் தேயிலையின் வேரைத் தின்னும் வட்டப்புழுவும் இந்த இடைவெளியில் குறையும். இரண்டு வருடம் வருமானம் இல்லையே என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். முப்பது நாற்பது வருடம் நிற்க வேண்டிய மரத்துக்கு அந்த இரண்டு வருடம் பெரிதல்ல.

கன்று பதிவுபெற்ற நாற்றுமேடையில் மட்டும் வாங்குங்கள். வட்டப்புழு கன்றுப் பையின் மண்ணில்தான் பயணம் செய்கிறது. எந்த இனம் என்பதைப் பசறையில் கேட்டு முடிவெடுங்கள். டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் எல்லோரும் சொல்லும் பெயர், ஆனால் முழுக் காணியையும் ஒரே இனத்தால் நிரப்பாதீர்கள். ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து விழும். 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் கால் ஏக்கருக்கு 1360 கன்று. சாவுக்கு ஈடாக நூறு கன்று கூட வாங்கி ஓரமாக வையுங்கள்.

நடுகை ஒக்டோபர், நவம்பரில், மண் நன்றாக நனைந்த பிறகு. தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழைக் கணக்கை ஊவாவில் போட்டால் கன்று ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்காற்றில் மாட்டும். குழி 45 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலம். மேல்மண்ணைத் தனியாக வைத்து அதையே முதலில் உள்ளே போடுங்கள். பொலித்தீன் பையை நீளவாட்டில் கீறி, மண்ணுருண்டை உடையாமல் எடுக்க வேண்டும். அடிவேர் சுருண்டிருந்தால் சுருளை வெட்டிவிடுங்கள், அப்படியே நட்டால் மூன்றாம் வருடம் வரட்சியில் காரணமே தெரியாமல் சாகும். கன்று பையில் நின்ற அதே மட்டத்தில் மண் நிற்க வேண்டும். உடனே மானாப் புல்லால் மூடுங்கள், தண்டைத் தொடாமல்.

மிச்சம் நிற்கும் பழைய மரத்துக்குக் கவ்வாத்து. வரட்சிக்கு முன் வெட்டாதீர்கள். வெட்டுமுன் நாலைந்து மரத்தில் பென்சில் தடிப்பு வேர் ஒன்றை நறுக்கி, வெட்டிய முகத்தில் அயடின் ஒரு துளி விடுங்கள். கரு நீலமாக மாறினால் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் மரம் வெறும் வயிற்றில் இருக்கிறது. கொழுந்து எடுப்பதைச் சில கிழமை நிறுத்தி ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அதைப் பார்க்காமல் வெட்டி, மரம் துளிர்க்காமல் செத்ததுதான் இப்போது நீங்கள் பார்க்கும் வெட்டவெளிகளில் பலவற்றுக்குக் காரணமாக இருக்கும்.

சாரல்மலை:

மிக்க நன்றி எல்லோருக்கும். பிறை வடிவ வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் மேட்டுக்குக் கீழே இரண்டு சபுக்கு (கிரேவிலியா) மரம் அடி வளைந்து நிற்கிறது. அபாய வரைபடத்தை விசாரிக்காமல் மேல் பக்கத்தில் கை வைக்கப்போவதில்லை.

இன்னும் மூன்று: கொழுந்து லொறிக்காரர் தரும் விலை சரியா என்று எப்படிப் பார்ப்பது? கீழ்ப் பாதியில் எதை முதலில் போடுவது? எல்லையில் ஒரு பழைய பலா மரம் பாத்திக்கு நிழல் போடுகிறது, வெட்டலாமா?

கொழுந்துக்கணக்கு:

விலைக்குச் சூத்திரம் இருக்கிறது. தேயிலை ஆணையாளர் பிரிவின் ஒழுங்குப்படி நிகர விற்பனைச் சராசரியில் (ஒரு கிலோ தேயிலை விற்ற சராசரி விலை) 68 வீதம் கொழுந்து கொடுப்பவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 21.5 கிலோ தேயிலை என்று கணக்கு. உதாரணமாக, சராசரி 1000 ரூபா என்று வைத்தால் 1000ஐ 0.215ஆல் பெருக்க 215, அதில் 68 வீதம் 146 ரூபா 20 சதம், அதுதான் ஒரு கிலோ கொழுந்துக்கு. லொறிக்காரர் இடையில் போக்குவரத்துக் கூலி கழிப்பார், அது எவ்வளவு என்று துண்டில் எழுதி வாங்குங்கள்.

விலையைவிட நிறையில்தான் கூடுதலாகப் போகிறது. ஈரக் கழிவு, பைக் கழிவு, முதிர்ந்த இலைக் கழிவு என்று மூன்று பெயரில் கழிப்பார்கள். சொந்தத் தொங்கு தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு நாளும் திகதி, உங்கள் நிறை, அவர் எழுதிய நிறை என்று மூன்று நிரல் கொப்பி எழுதுங்கள். ஒரு மாதக் கொப்பி இருந்தால் எழுத்துமூல முறைப்பாட்டுக்கு அது போதும். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: ஏழு நாளுக்கு ஒருமுறை எடுப்பது, இரண்டு இலையும் மொட்டும், வலைப் பையில் அழுத்தாமல் நிறைப்பது, வெயிலில் வைக்காமல் இருப்பது. உரப் பையில் இறுக்கி அடைத்தால் நடுவில் சூடேறிச் சிவக்கும், அந்தக் கழிவு நியாயமானது.

மண்வாசம்:

கீழ்ப் பாதிக்கு இலுக்கைத் தோண்டி எடுப்பதே முதல் பருவ வேலை. அலவாங்கும் முள்ளும் போட்டுக் கிழங்குத் தண்டை முழுதாக எடுங்கள், துண்டு ஒன்று கிடந்தாலும் முளைக்கும். பாத்தி சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து. ஆள்வசதிக்காக மேலிருந்து கீழ் நோக்கிப் பாத்தி போடுகிற வழக்கம்தான் வெலிமடைப் பக்கம் ஓடைகளைக் காப்பித் தண்ணீராக ஆக்கியிருக்கிறது.

முதல் பருவத்துக்குப் போஞ்சி. மண்ணைக் கெடுக்காது, கமுகு மரக் கழி இல்லாவிட்டால் சபுக்குக் கிளையே ஊன்றுகோல். அதற்குப் பிறகு கரட் அல்லது லீக்ஸ், மூன்றாவதாகத்தான் கோவா. கோவா, நோகோல், ராபு மூன்றும் ஒரே குடும்பம், அடுத்தடுத்துப் போடாதீர்கள். வேர் வீங்கி முடிச்சுப் போடும் நோய் ஒருமுறை வந்துவிட்டால் பல வருடம் மண்ணில் கிடக்கும். டொலமைட் போட்டு பீ.எச். எண்ணை 7க்குக் கிட்டக் கொண்டுபோனால் அடங்கும், ஒழியாது. அது பெரும்பாலும் வாங்கிய நாற்றின் வேர்மண்ணில் வருகிறது, ஆகவே நாற்றை நீங்களே போடுங்கள்.

உருளைக்கிழங்குக்கு அவசரப்படாதீர்கள். விதைக் கிழங்குச் செலவு பெரியது, மூடுபனிக் காலத்தில் பின்வெளிறல் நோய் ஒரு கிழமைக்குள் பாத்தியை முடித்துவிடும். போடுவதென்றால் சான்றுபடுத்திய விதை மட்டும். நுவரெலியாப் பக்கத்திலிருந்து கடன் வாங்கிய மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடு கிழங்கு வட்டப்புழு வரலாம், கழுவிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். கிழங்கு விவசாய, கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டத்தில் இருக்கும் பயிர். நடுவதற்கு முன் கமநல சேவை நிலையத்தில் பதிந்துவிடுங்கள். சேதம் வந்த பிறகு பதிய முடியாது.

ஓடைக் கரையில் பாத்தி வேண்டாம். புல்லும் மூங்கிலும் நிற்கட்டும். மருந்து அடித்த கருவியை ஓடையில் கழுவாதீர்கள், கீழே லயத்தில் அதைத்தான் குடிக்கிறார்கள்.

பைல்கட்டு:

பலா மரத்தில் கை வைக்குமுன் அனுமதி எடுங்கள். மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி பிரதேச செயலகத்தில் முடியும். வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றத் தனி அனுமதி. எல்லையில் நிற்பதால் பக்கத்துக் காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதமும் கேட்பார்கள். நிழல்தான் பிரச்சினை என்றால் பாத்திப் பக்கத்துக் கிளையை மட்டும் கழியுங்கள். அந்த மரத்தின் வேர் எல்லைக் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.